பாண்டு போலார், ஆனா மாலிக்யூல்? நீலகிரித் தைலத்துலருந்து உறைபனி வரைக்கும்

பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரியில பசங்க ரொம்ப சீக்கிரம் மனப்பாடம் பண்ணிடற வரி ஒண்ணு இருக்கு: "எலெக்ட்ரோநெகட்டிவிட்டி வித்தியாசம் இருந்தா போலார், இல்லேன்னா நான்போலார்". இதை வெச்சு தண்ணிக்கு சரியா விடை சொல்லிடலாம், ஹைட்ரஜன் குளோரைடுக்கும் சொல்லிடலாம், ஆனா கார்பன் டையாக்ஸைடுக்கு வந்தா தப்பாயிடும், ஓசோனுக்கு வந்தா தலைகீழாவே ஆயிடும். போலார்னா ஒரு பக்கம் லேசா பிளஸ், இன்னொரு பக்கம் லேசா மைனஸா இருக்கறது, நான்போலார்னா அப்படி இல்லாதது. காரணம் சிம்பிள். எலெக்ட்ரோநெகட்டிவிட்டி பேசறது ரெண்டு அணுவுக்கு நடுவுல இருக்கற ஒரு பாண்டை, அதாவது பிணைப்பைப் பத்தி. போலாரான்னு நாம கேக்கறது முழு மாலிக்யூலைப் பத்தி. அந்த ரெண்டுக்கும் நடுவுல மாலிக்யூலோட வடிவம்னு ஒரு பெரிய விஷயம் உக்காந்திருக்கு, அதைத் தாண்டாம இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போக முடியாது. நம்ம ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இதுக்கு நல்ல உதாரணங்கள் கண்ணு முன்னாடியே இருக்கு, அதனால அதையெல்லாம் சேத்து கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல எலெக்ட்ரோநெகட்டிவிட்டி. ரெண்டு அணு ஒரு ஜோடி எலக்ட்ரானை பங்கு போட்டுக்கும்போது அந்த ஜோடியை தன் பக்கம் இழுத்து வெச்சுக்கற பலம்தான் அது. டிசம்பர் ராத்திரி ஒரே கம்பளிய ரெண்டு பேர் போத்திட்டு படுத்தா என்ன ஆகும், கம்பளி கிழியாது, ஒருத்தர்கிட்டயே முழுசா போயிடவும் செய்யாது, ஆனா விடியறப்ப பாத்தா ஒருத்தர் மேல அதிகமா கெடக்கும், இன்னொருத்தருக்கு காலு வெளிய நீட்டிட்டு இருக்கும். பாண்டுக்குள்ள நடக்கறதும் அதுதான். எலக்ட்ரான் அதிகமா சாஞ்ச அணுவுக்கு லேசான நெகட்டிவ் சார்ஜ், எதிர் அணுவுக்கு அதே அளவு லேசான பாசிட்டிவ் சார்ஜ். இதைத்தான் புக்ல டெல்டா மைனஸ், டெல்டா பிளஸ்னு போடறாங்க. முழு சார்ஜ் கிடையாது, ஒரு பங்குதான்.

இதை எலக்ட்ரான் அஃபினிட்டியோட குழப்பிக்கக் கூடாது. தனியா நிக்கற ஒரு அணு வெளியிலருந்து ஒரு எலக்ட்ரானை வாங்கும்போது எவ்வளவு சக்தி வெளிய வருதுங்கறது அஃபினிட்டி, அதுல குளோரின்தான் முதல், மோலுக்கு 349 கிலோஜூல், ஃப்ளோரினுக்கு 328தான். ஆனா பாண்டுக்குள்ள இழுக்கற பலத்துல ஃப்ளோரினை எதுவும் ஜெயிக்க முடியாது. ஃப்ளோரின் அணு ரொம்ப சின்னது, உள்ள 9 புரோட்டான், அதை மறைக்கறதுக்கு உள் வட்டத்துல ரெண்டே எலக்ட்ரான், அதனால வெளிய பங்கு போட வர்ற எலக்ட்ரானுக்கு அணுக்கருவோட இழுப்பு நல்லா தெரியும். சீசியத்துல 55 புரோட்டான் இருந்தும் வெளி எலக்ட்ரான் அவ்வளவு தூரத்துல, அவ்வளவு மறைப்புக்குப் பின்னாடி இருக்கறதால இழுப்பே இல்லாத மாதிரி. டேபிள்ல ஃப்ளோரின் 3.98, சீசியம் 0.79. நடுவுல நமக்கு அடிக்கடி தேவைப்படறது ஆக்ஸிஜன் 3.44, குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20.

இந்த நம்பரெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கறதே இல்ல, எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச இடமே அதுதான். லைனஸ் பாலிங் 1932-ல இதை ஒரு அளவா கொண்டு வந்தார், அவர் எந்த மீட்டரையும் அணு மேல வெச்சு அளக்கல, பாண்டு உடைய எவ்வளவு சக்தி வேணுங்கற கணக்கைத்தான் பாத்தார். ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் பாண்டை உடைக்க மோலுக்கு சுமார் 436 கிலோஜூல், ஃப்ளோரின்–ஃப்ளோரினுக்கு சுமார் 158. சமமா பங்கு போட்டா ஹைட்ரஜன்–ஃப்ளோரின் பாண்டு இது ரெண்டுக்கும் சராசரியா 297 பக்கம் இருக்கணும். நிஜத்துல 567 பக்கம் இருக்கு. அந்த கூடுதல் 270 கிலோஜூல் எங்கிருந்து? எலக்ட்ரான் ஒரு பக்கம் சாஞ்சதால ரெண்டு முனைக்கும் நடுவுல பிளஸ்–மைனஸ் கவர்ச்சி வந்து பாண்டை இன்னும் இறுக்கிடுச்சு. 270-ஐ 96.5-ஆல வகுத்தா எலக்ட்ரான் வோல்ட் ஆகும், 2.8, அதுக்கு ஸ்கொயர் ரூட் எடுத்தா 1.67. டேபிள்ல 3.98-லருந்து 2.20-ஐ கழிச்சா 1.78. சராசரியை வேற விதமா, ரெண்டையும் பெருக்கி ரூட் எடுத்து போட்டா இந்த 1.78-ஏ வந்துடும், நோட்ல போட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் மல்லிகன் வேற வழியில ஒரு ஸ்கேல், ஆல்ரெட்–ரோக்கோ 1958-ல இன்னொரு ஸ்கேல்னு வந்துச்சு, நம்பர் கொஞ்சம் மாறும், வரிசை கிட்டத்தட்ட அதேதான்.

அடுத்து எல்லா கைடுலயும் இருக்கற அந்த எல்லைக்கோடு: வித்தியாசம் 0.4-க்குள்ள நான்போலார் பாண்டு, 1.7 வரைக்கும் போலார், அதுக்கு மேல அயானிக், அதாவது எலக்ட்ரானை முழுசா குடுத்துட்ட உப்பு மாதிரி. இதை வழிகாட்டியா வெச்சுக்கலாம், சட்டமா வெச்சுக்கக் கூடாது. ஹைட்ரஜன் ஃப்ளோரைடுல வித்தியாசம் 1.78, இந்த கோட்டுப்படி அது உப்பு மாதிரி இருக்கணும், ஆனா அது 20 டிகிரி பக்கத்துலயே கொதிச்சு கேஸா போயிடற கோவேலன்ட் பொருள், அதாவது எலக்ட்ரானை பங்கு போட்டுக்கற வகை. போரான் டிரைஃப்ளோரைடுல வித்தியாசம் 1.94, அது உப்பும் இல்ல, மைனஸ் 100 டிகிரியில கொதிக்கற கேஸ், அதுக்கும் மேல அந்த மாலிக்யூல் நான்போலார்.

சாய்வு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க இன்னொரு நல்ல வழி இருக்கு. ஹைட்ரஜன் குளோரைடுல ரெண்டு அணுவுக்கும் நடுவுல தூரம் 1.27 ஆங்ஸ்ட்ராம். பிளஸ் முனையும் மைனஸ் முனையும் எவ்வளவு பிரிஞ்சு நிக்குதுங்கற அளவுக்கு டைபோல் மொமென்ட்னு பேரு, அதை டிபைங்கற அலகுல சொல்வாங்க. ஒரு முழு எலக்ட்ரானே குளோரினுக்கு போயிருந்தா அது 6.1 டிபை வரணும் (தூரத்தை 4.8-ஆல பெருக்கினா போதும்). அளந்து பாத்தா 1.08தான் இருக்கு. அப்ப சாய்வு 18 சதவீதம் பக்கம். ஹைட்ரஜன் ஃப்ளோரைடுக்கு இதே கணக்கு போட்டா 40-க்கு கொஞ்சம் மேல, ஹைட்ரஜன் அயோடைடுக்கு 6 பக்கம். எலெக்ட்ரோநெகட்டிவிட்டி வித்தியாசம் குறையக் குறைய சாய்வும் குறையுது, ரெண்டே அணு இருக்கற மாலிக்யூல்ல இந்த விதி பெரும்பாலும் ஒழுங்கா நடக்கும், அங்க வடிவத்துக்கு வேலை இல்ல.

மூணாவது அணு வந்ததும்தான் கதை மாறுது. கார்பன்–ஆக்ஸிஜன் வித்தியாசம் 0.89, நல்ல போலார் பாண்டு. கார்பன் டையாக்ஸைடுல அப்படி ரெண்டு பாண்டு இருக்கு, ஆனா ஒண்ணு நேரா இந்தப் பக்கம், இன்னொண்ணு நேரா அந்தப் பக்கம், 180 டிகிரி, ஒண்ணை ஒண்ணு முழுசா அடிச்சிடும், மொத்த டைபோல் மொமென்ட் பூஜ்ஜியம். தண்ணியிலயும் ரெண்டு பாண்டுதான், ஆனா நடுக்கோணம் 104.5 டிகிரி, வளைஞ்சு நிக்குது, அதனால ரெண்டும் சேர்ந்து ஆக்ஸிஜன் பக்கமா ஒரே திசையில கூடுது, 1.85 டிபை. டைபோல் மொமென்ட் ஒரு வெக்டார், கூட்டும்போது திசையையும் சேத்துத்தான் கூட்டணும், பிசிக்ஸ் கிளாஸ்ல படிச்ச அதே கூட்டல்தான் இங்கயும்.

குளோரின் ஏத்தின மீத்தேன் வரிசையை வெச்சா இது இன்னும் தெளிவா தெரியும். ஒரு குளோரின் இருக்கற மீத்தைல் குளோரைடு 1.9 டிபை, ரெண்டு இருந்தா 1.6, மூணு இருக்கற குளோரோஃபார்ம் 1.04, நாலும் குளோரினான கார்பன் டெட்ராகுளோரைடு பூஜ்ஜியம். போலார் பாண்டு எண்ணிக்கை கூடக் கூட மாலிக்யூலோட போலாரிட்டி குறைஞ்சுட்டே வருது. இதே மாதிரி டைகுளோரோஎத்தீன்ல ரெண்டு குளோரினும் ஒரே பக்கம் இருந்தா 1.9 டிபை, எதிரெதிர் பக்கம் இருந்தா பூஜ்ஜியம், கொதிநிலையும் 60-க்கு 48-னு மாறிடும். அணு அதேதான், எலெக்ட்ரோநெகட்டிவிட்டி அதேதான், உக்காந்த இடம் மட்டும் வேற.

வடிவத்தோட முடிஞ்சுதான்னா இல்ல, லோன் பேர் இருக்கு, அதாவது எந்த பாண்டுலயும் சேராம ஒரு அணு மேல தனியா நிக்கற எலக்ட்ரான் ஜோடி. அமோனியாவும் நைட்ரஜன் டிரைஃப்ளோரைடும் ஒரே மாதிரி கூம்பு வடிவம். நைட்ரஜன்–ஹைட்ரஜன் வித்தியாசம் 0.84, நைட்ரஜன்–ஃப்ளோரின் 0.94. இதை மட்டும் பாத்தா டிரைஃப்ளோரைடுதான் அதிக போலார்னு சொல்லத் தோணும். அளந்தா அமோனியா 1.47, டிரைஃப்ளோரைடு வெறும் 0.23. அமோனியாவுல எலக்ட்ரான் நைட்ரஜன் பக்கம் சாயுது, மேல நிக்கற லோன் பேரும் அதே திசையில, ரெண்டும் கூடுது. டிரைஃப்ளோரைடுல எலக்ட்ரான் கீழ ஃப்ளோரின் பக்கம் சாயுது, லோன் பேர் மேல, ரெண்டும் கழியுது. பரீட்சையில இந்த கேள்வி வந்தா மூணு பாண்டுக்கும் அம்புக்குறி போட்டுட்டு லோன் பேருக்கு போடாம விட்டுடறாங்க, அங்கதான் மார்க்கு போகுது.

இதுல பாஸ்ஃபீனை நான் தனியா சொல்லியே ஆகணும். பாஸ்பரஸ் 2.19, ஹைட்ரஜன் 2.20, வித்தியாசம் 0.01, அதாவது இல்லவே இல்லன்னு வெச்சுக்கலாம். ஆனா பாஸ்ஃபீனுக்கு 0.57 டிபை பக்கம் டைபோல் மொமென்ட் இருக்கு, லோன் பேர் ஒரு பக்கமா நிக்கறதாலதான். ஓசோன்ல மூணும் ஆக்ஸிஜன், வித்தியாசம் சுத்தமா பூஜ்ஜியம், இருந்தும் 0.53 டிபை. நடு ஆக்ஸிஜன் ரெண்டு பக்கமும் பாண்டு போட்டதுல கொஞ்சம் எலக்ட்ரானை இழந்து நிக்குது, ஓர ஆக்ஸிஜன் ரெண்டுக்கும் கொஞ்சம் அதிகம், கோணம் 117 டிகிரி பக்கம் வளைஞ்சிருக்கறதால அது அடிபடாம மிஞ்சுது. இதுக்கு நேர் எதிரா கார்பன் மோனாக்ஸைடு: வித்தியாசம் 0.89, அடிச்சிக்க இன்னொரு பாண்டும் கிடையாது, ஆனா டைபோல் 0.11தான், அதுலயும் நெகட்டிவ் முனை கார்பன் பக்கம்! கார்பனுக்கு வெளிப்பக்கமா நீட்டிட்டு இருக்கற லோன் பேர், ஆக்ஸிஜன் பக்கமா இருக்கற சாய்வை முழுசா அடிச்சு அதுக்கு மேலயும் கொஞ்சம் போயிடுது. எலெக்ட்ரோநெகட்டிவிட்டி ஒண்ணை மட்டும் வெச்சு போலாரிட்டி சொல்லிடலாம்னு யாராவது சொன்னா இந்த மூணு பேரையும் காட்டினா போதும்.

இந்த டைபோலை எப்படி அளக்கறாங்க? பீட்டர் டிபை 1912-ல சொன்ன யோசனை. ஒரு கெபாசிட்டரோட ரெண்டு தகட்டுக்கு நடுவுல கேஸை வெச்சு, சூட்டை ஏத்தி ஏத்தி அது எவ்வளவு சார்ஜ் பிடிக்குதுன்னு பாக்கணும். நான்போலார் மாலிக்யூல்னா ஒவ்வொரு மாலிக்யூலோட பங்கும் சூட்டால மாறாது. போலார்னா அதுங்க மின்புலத்துக்கு ஏத்தபடி திரும்பி நிக்கப் பாக்கும், சூடு ஏறினா அந்த ஒழுங்கு கலையும், அந்த மாற்றத்துலருந்து டைபோலை கணக்கு போட்டுடலாம். கார்பன் டையாக்ஸைடு நேர்கோடு, தண்ணி வளைஞ்சதுங்கறதுக்கு இந்த அளவு ஒரு நல்ல சாட்சியா நின்னுச்சு. அவருக்கு 1936-ல கெமிஸ்ட்ரி நோபல், அளவோட பேரே டிபை.

சீப்பை தலையில தேச்சு குழாய்த் தாரைக்குப் பக்கத்துல காட்டினா தண்ணி வளையும், அதுதான் போலாரிட்டிக்கு ஆதாரம்னு ஸ்கூல்ல காட்டுவாங்க. ஜனவரியில ஊட்டி காத்து காஞ்சு கெடக்கும்போது இது அட்டகாசமா வரும், ஸ்வெட்டர் கழட்டும்போதே படபடன்னு பொறி பறக்கற சீசன் ஆச்சே. செய்யுங்க, ஆனா விளக்கத்தை கொஞ்சம் மாத்தணும். சீப்புக்குப் பக்கத்துல இருக்கற மின்புலத்துல ஒரு டைபோலுக்கு கிடைக்கற இழுப்பு ரொம்ப சின்னது, தாரை அவ்வளவு வளையறதுக்கு முக்கிய காரணம் தாரையில தூண்டப்படற சார்ஜ்.

இப்ப தைலத்துக்கு வரலாம். நம்ம மலையில கற்பூர மரம்னு சொல்ற யூகலிப்டஸ், 1840கள்ல ஆஸ்திரேலியாவுலருந்து கொண்டு வந்து நட்டது. ரோட்டோரமா, சரிவுல, தகர ஷீட்டு போட்ட தைலம் காய்ச்சற ஷெட்டுங்க இன்னும் இருக்கு. பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் ஒன் படிக்கறான், அவனை ஒரு நாள் அங்க கூட்டிட்டு போனேன். பெரிய கொப்பரையில இலையை அமுக்கி நெரப்பி, அடியில தண்ணி விட்டு, காஞ்ச இலையையும் விறகையும் போட்டு எரிக்கறாங்க. மேலருந்து ஒரு பைப்பு தண்ணித் தொட்டிக்குள்ள சுத்தி வந்து வெளிய ஒரு கேன்ல சொட்டுது. கேனுக்குள்ள எட்டிப் பாத்தா அடியில கலங்கின வெள்ளையா தண்ணி, அதுக்கு மேல லேசான மஞ்சள்ல தெளிவா ஒரு அடுக்கு, நடுவுல கத்தியால கீறின மாதிரி ஒரு கோடு. பையன் கேட்டான், "ஏண்ணா, இதை கலக்கி விட்டா என்ன ஆகும்?" ஷெட்டு அண்ணன் ஒரு குச்சியை எடுத்து நல்லா கலக்கி காட்டிட்டு, "கொஞ்ச நேரம் நில்லு தம்பி, அதுவே பிரிஞ்சுக்கும்"னார். பேசிட்டு இருக்கும்போதே மறுபடி கோடு விழுந்துடுச்சு.

தைலத்துல பெரும்பங்கு சினியோல். 10 கார்பன், 18 ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்ஸிஜன். கார்பன்–ஹைட்ரஜன் வித்தியாசம் 0.35, அதனால மாலிக்யூலோட உடம்பு பூரா சாய்வே இல்லாத பகுதி. அந்த ஒத்த ஆக்ஸிஜன் இருக்கற இடம் மட்டும் போலார். அப்ப சினியோல் நான்போலாரா? இல்ல, அதுக்கு டைபோல் உண்டு. பின்ன ஏன் தண்ணியில கலக்கல? இங்க மூணாவது படி ஒண்ணு இருக்கு: மாலிக்யூல் போலார்ங்கறதும், அது தண்ணியில கரையும்ங்கறதும் ஒண்ணு இல்ல. தண்ணி மாலிக்யூல்ங்க ஒண்ணுக்கொண்ணு ஹைட்ரஜன் பாண்டால கையைக் கோத்துட்டு நிக்குது. ஆக்ஸிஜன், நைட்ரஜன், ஃப்ளோரின் மாதிரி அணுவோட ஒட்டின ஹைட்ரஜனுக்குத்தான் அந்த பாண்டு நல்லா குடுக்கற தகுதி, சினியோல்ல ஆக்ஸிஜன் இருக்கு, வாங்கிக்கும், ஆனா குடுக்கறதுக்கு அப்படிப்பட்ட ஹைட்ரஜன் இல்ல. அதுக்கும் மேல அந்த பெரிய கார்பன் உருண்டைக்கு இடம் விட தண்ணி தன்னோட அமைப்பை மாத்தி அடுக்கிக்கணும், அதுக்கு கிடைக்கற பலன் பத்தாது. எத்தனால்ல ரெண்டே கார்பன், ஒரு ஓஹெச் (ஆக்ஸிஜனும் அதோட ஒட்டின ஹைட்ரஜனும்), தண்ணியில எந்த அளவுலயும் கலந்துடும். அதே ஓஹெச்சை 4 கார்பன் சங்கிலியில மாட்டின பியூட்டனால் 100 மில்லிக்கு 7, 8 கிராம்தான் கரையும். கார்பன் கூடக் கூட கரையறது குறையும்.

முழுசா கரையலேன்னாலும் கொஞ்சம் கரையுது, ஒரு லிட்டர் தண்ணிக்கு சில கிராம். கேனுக்கு அடியில இருக்கற தண்ணியை கீழ ஊத்தினாலும் அந்த வாசம் போகாததுக்கு அதான் காரணம்.

கலக்காததுனாலதான் அந்த ஷெட்டே நடக்குது, இது பையனுக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. சினியோலோட கொதிநிலை 176 டிகிரி. ஊட்டி உயரத்துல, 2,240 மீட்டர்ல, தண்ணியே 93 டிகிரி பக்கத்துல கொதிச்சிடும். அப்ப 176 டிகிரி சரக்கு எப்படி மேல வருது? ரெண்டு திரவம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்தா ஒண்ணோட ஆவி அழுத்தத்தை இன்னொண்ணு குறைக்கும். கலக்கலேன்னா ரெண்டும் அதது முழு அழுத்தத்தை குடுக்கும், ரெண்டும் கூடி வெளிக்காத்து அழுத்தத்தை தொட்டதும் கொதி வந்துடும், அதனால தண்ணியோட கொதிநிலைக்கு கொஞ்சம் கீழயே தண்ணி ஆவியோட தைலமும் சேர்ந்து வருது. அவ்வளவு சூடு போடாம, இலை கருகாம தைலம் எடுக்க முடியறது போலாரிட்டி ஒத்துப் போகாததோட பலன்தான். இதே குணத்தால நான்போலார் பொருளை தைலம் நல்லா கரைக்கும், ஒரு தெர்மாகோல் துண்டு மேல சொட்டு விட்டா அது குழிஞ்சு சுருங்கறதைப் பாக்கலாம். (தைலம் உடம்புக்குள்ள போனா விஷம், சின்னப் பசங்களுக்கு கொஞ்சம் குடிச்சாலே ஆபத்து. பாட்டிலை எட்டாத இடத்துல வைங்க, இதை எங்க எழுதினாலும் சேத்து எழுதுவேன்.)

மேல மெதக்கறதுக்கும் கலக்காததுக்கும் சம்பந்தம் இல்லைங்கறதையும் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா "எண்ணெய் லேசு, அதான் கலக்கல"ன்னு நெறைய பேர் நம்பறாங்க. அதே நீலகிரியில விண்டர்கிரீன் தைலமும் எடுக்கறாங்க, அதுல கிட்டத்தட்ட முழுக்க மீத்தைல் சாலிசிலேட், அடர்த்தி 1.18, தண்ணியில போட்டா அடியில போய் உக்காந்துக்கும். அதுவும் கலக்காது. மெதக்கறது, முழுகறது அடர்த்தி விஷயம், கலக்கறது, கலக்காதது மாலிக்யூல்களுக்குள்ள இருக்கற உறவு விஷயம்.

விண்டர்கிரீன்ல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அதுல மூணு ஆக்ஸிஜன், ஒரு ஓஹெச்சும் இருக்கு, அப்ப தண்ணியோட நல்லா ஒட்டணும் இல்லையா? ஆனா அந்த ஓஹெச்சுக்கு நேர் பக்கத்துலயே இன்னொரு ஆக்ஸிஜன் உக்காந்திருக்கு, ஹைட்ரஜன் தன் மாலிக்யூலுக்குள்ளயே அதோட பாண்டு போட்டுக்கிச்சு, வெளிய தண்ணிக்கு குடுக்க மிச்சம் இல்ல. அதே ஓஹெச்சை பென்சீன் வளையத்தோட எதிர்ப்பக்கத்துக்கு மாத்தி வெச்சா அது மீத்தைல் பாராபென், க்ரீம்ல ஷாம்பூவுல கெட்டுப்போகாம இருக்க போடறது. ரெண்டுக்கும் அணு எண்ணிக்கை ஒண்ணு, எல்லா பாண்டும் ஒண்ணு. விண்டர்கிரீன் மைனஸ் 8 டிகிரி வரைக்கும் திரவமா இருக்கும், பாராபென் 125 டிகிரி தாண்டித்தான் உருகும், தண்ணியிலயும் விண்டர்கிரீனை விட சில மடங்கு கூட கரையும். இதுல எலெக்ட்ரோநெகட்டிவிட்டி டேபிள் ஒரு வார்த்தை சொல்லாது.

கடைசியா உறைபனி. டிசம்பர், ஜனவரியில தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கம் விடிகாலையில புல்லு பூரா வெள்ளையா கெடக்கும். மேகம் போட்ட ராத்திரியில பனி கொட்டாது, வானம் தெளிஞ்சு நட்சத்திரம் நல்லா தெரியற ராத்திரியிலதான் கொட்டும், இது இங்க தோட்டம் வெச்சிருக்கற எல்லாருக்கும் தெரியும். ஏன்ங்கறதுக்கு பதில் டைபோல்ல இருக்கு. பகல்ல சூடான மண்ணு ராத்திரி அந்த சூட்டை இன்ஃப்ராரெட் கதிரா மேல விடுது. ஒரு மாலிக்யூல் இன்ஃப்ராரெட்டை உறிஞ்சணும்னா அது ஆடும்போதோ சுத்தும்போதோ அதோட டைபோல் மாறணும். ஈரம் இல்லாத காத்துல 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும், ரெண்டும் ஒரே அணு ஜோடி, எப்படி ஆடினாலும் டைபோல் பூஜ்ஜியத்துலயே நிக்கும், அதனால அந்த கதிரை தடுக்காம விட்டுடும். தண்ணி ஆவி போலார், நெறைய உறிஞ்சி பாதியை திருப்பி கீழயே அனுப்பும். மேகம்னா இன்னும் அதிகம்.

இங்க ஒரு கேள்வி வரும், வரணும்: கார்பன் டையாக்ஸைடு நான்போலார்னு மேல சொன்னோமே, அது எப்படி பசுமைக்குடில் வாயு ஆச்சு? நேரா நிக்கறப்பதான் அதுக்கு டைபோல் பூஜ்ஜியம். ரெண்டு ஆக்ஸிஜனும் ஒரே பக்கமா வளைஞ்சு ஆடும்போது அந்த நொடியில ரெண்டு பாண்டும் அடிபடாம கொஞ்சம் மிஞ்சும், ஆட்டத்தோட அது வந்து வந்து போகும், அந்த மாற்றம் போதும், 15 மைக்ரான் அலைநீளத்துக்குப் பக்கத்துல நல்லா உறிஞ்சும். ரெண்டு ஆக்ஸிஜனும் சமமா உள்ள வெளிய போய் வர்ற ஆட்டத்துல டைபோல் மாறாது, அந்த ஆட்டம் உறிஞ்சாது. நிரந்தர டைபோல் வேற, ஆடும்போது பிறக்கற டைபோல் வேற. பாண்டு போலாரா இருக்கறது இங்கதான் உதவுது, வடிவம் மறைச்சு வெச்சதை ஆட்டம் வெளிய கொண்டு வருது. ஆனா மண்ணு விடற கதிர்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு 8-லருந்து 13 மைக்ரானுக்குள்ள, அந்த இடத்துல கார்பன் டையாக்ஸைடு பெருசா எதுவும் செய்யறதில்ல, தண்ணி ஆவியும் குளிர்கால காஞ்ச காத்துல கம்மி, மேகமும் இல்ல, அப்ப சூடு நேரா வானத்துக்கு போயிடுது. புல்லு மட்டத்துல குளிர் பூஜ்ஜியத்துக்கு கீழ இறங்கிடும், கனமான குளிர்காத்து சரிவுல இறங்கி பள்ளத்துல தேங்கறதால அங்க இன்னும் மோசம், தேயிலைக் கொழுந்து கருகிடும்.

அதுக்கு தழையை வெட்டிட்டு வந்து இளஞ்செடியை மூடி வைப்பாங்க, மூடினா செடி விடற கதிர் தழையில பட்டு திரும்ப வரும், வானத்துக்கு போகாது. கேரட், உருளைத் தோட்டத்துல ஸ்பிரிங்க்ளரை போட்டு விடறவங்களும் உண்டு. குளிர்ல தண்ணி அடிக்கறது புதுசா கேக்கறவங்களுக்கு தப்பா படலாம், ஆனா தண்ணி உறையும்போது மாலிக்யூல்ங்க ஹைட்ரஜன் பாண்டை இறுக்கி அடுக்கிக்கறதுல ஒரு கிராமுக்கு 334 ஜூல் சூடு வெளிய விடும், அது இலையை பூஜ்ஜியத்துக்கு கீழ ரொம்ப இறங்காம பிடிச்சு வைக்கும். ஒரு நிபந்தனை, ஆரம்பிச்சா வெயில் வந்து ஐஸ் இளகற வரைக்கும் நிறுத்தக் கூடாது. அதே ஒரு கிராம் தண்ணி ஆவியா போறதுக்கு அந்த குளிர்ல 2,500 ஜூல் வேணும், அதை இலைகிட்டருந்துதான் எடுத்துக்கும். நடுராத்திரியில மோட்டார் நின்னு, காத்தும் கொஞ்சம் அடிச்சா, தண்ணியே படாத பாத்தியை விட தண்ணி அடிச்ச பாத்தி அதிகமா கருகிடும்.